விபத்தா? விளைவா?

சென்ற ஆண்டு ஜூலைத் திங்களில் ஒரு நாள் காலை. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. முதல் மணி அடித்து, காலை வணக்கக் கூட்டத்திற்காக நாங்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம். அப்போது வெளிச் சாலையில் ஒரு வண்டி பிரேக் போடும் ஓசை கேட்டது. அதனைத் தொடர்ந்து ஓர் அலறல். சற்று நேரத்தில் எங்கள் காவலாளி அண்ணன் ஓடிவந்து தலைமையாசிரியை சிஸ்டரிடம் ஏதோ சொன்னார். அன்று இறைவேண்டல் பாதியில் நின்றது.

எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, பேருந்திலிருந்து இறங்கி, அதன் முன்புறமாகச் சாலையைக் கடந்தபோது, பேருந்தைத் தாண்டி வந்த வேன் ஒன்று அவளை மோதிவிட்டது. இறைவன் அருளால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் தொடை எலும்பு முறிந்து, மூன்று மாதம் பள்ளிக்கு வர இயலாமற் போயிற்று. ஓட்டப் பந்தயத்தில் பரிசு பெற்றவள் அவள். இன்றும் மாடிப் படியைக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டே ஏறுகிறாள்.

அன்று எல்லாரும் இரண்டே காரணங்களைச் சொன்னார்கள். “பார்த்துக் கடந்திருக்க வேண்டாமா?” என்றனர் சிலர். “எல்லாம் அவள் தலைவிதி” என்றனர் வேறு சிலர். நாங்களும் அப்படித்தான் பேசிக்கொண்டோம்.

கரும்பலகையில் எழுதியவை

மறுநாள் அறிவியல் வகுப்பில் எங்கள் ஆசிரியை பாடப் புத்தகத்தைத் திறக்கவில்லை. “நேற்று நடந்ததற்குக் காரணங்களைச் சொல்லுங்கள். ஒருத்திக்கு ஒரு காரணம்” என்று சாக்கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகை அருகே நின்றார்கள்.

முதலில் எழுந்தவள், “அவள் அவசரப்பட்டாள், டீச்சர்” என்றாள். ஆசிரியை அதை எழுதிவிட்டு, “ஏன் அவசரப்பட்டாள்?” என்று கேட்டார்கள். வகுப்பு அமைதியாயிற்று. பின்பு ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “மணி அடித்தவுடன் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.” ஆசிரியை அதையும் எழுதினார்கள். அதன்பின் காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

பேருந்து நிறுத்தத்தில் ஆட்டோக்கள் நின்றிருந்தமையால் பேருந்து சற்றுத் தள்ளி நின்றது. நடைபாதையைக் கடைச் சரக்குகள் அடைத்திருந்தமையால் எல்லாரும் சாலையிலேயே நடந்தனர். பள்ளிக்கு முன்னால் கடப்பதற்குரிய வெள்ளைக் கோடுகள் எப்போதோ அழிந்துவிட்டன. வேகத்தடை இல்லை. நின்றிருந்த பேருந்து சிறுமியை வேன் ஓட்டுநரின் கண்ணிலிருந்து மறைத்தது. வேன் வேகமாக வந்தது. சாலை ஈரமாக இருந்தது. “வேனின் டயர்கள் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தன” என்று நேரில் பார்த்த ஒருத்தி சொன்னாள்.

எண்ணிப் பார்த்தோம். மொத்தம் பத்துக் காரணங்கள். அவற்றுள் அச்சிறுமியின் தவறு ஒன்றே ஒன்று. “இந்தப் பத்தில் ஏதேனும் ஒன்று இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்?” என்று ஆசிரியை கேட்டார்கள். அவள் பள்ளிக்கு வந்திருப்பாள் என்பதே எங்கள் விடை. “அப்படியானால் இதற்கு விபத்து என்று பெயரா, விளைவு என்று பெயரா?” என்றார்கள். அக்கேள்வியே இக்கட்டுரைக்குத் தலைப்பாயிற்று.

எண்கள் உணர்த்தும் பாடம்

எங்கள் பள்ளி வாயிலில் நடந்தது ஒரு துளி. நாட்டில் ஓடுவதோ ஒரு வெள்ளம். மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் இறந்தோர் 1,68,491 பேர். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 19 பேர். நாங்கள் நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளை ஒன்றை முடிப்பதற்குள் 14 பேர் வீடு திரும்பாமற் போகின்றனர்.

அதே ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகளில் 17,884 பேர் இறந்தனர். அதாவது நாள்தோறும் 49 பேர். எங்கள் வகுப்பில் உள்ள அத்தனை பேரும் ஒரே நாளில் இல்லாமற் போவதற்கு இது சமம் என்று எண்ணியபோது எங்களுக்கு மெய் நடுங்கியது.

உலகெங்கும் ஆண்டுதோறும் சுமார் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் சாலைகளில் மடிகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. ஐந்து வயது முதல் இருபத்தொன்பது வயது வரை உள்ளோரின் மரணத்திற்கு முதற் காரணம் சாலை விபத்தே என்றும் அவ்வறிக்கை சொல்கிறது. நோய்களுக்கெல்லாம் தடுப்பூசி போட்டு வளர்த்த பிள்ளைகளைச் சாலை கொண்டுபோகிறது.

இறந்தோர் யார் என்றும் பார்த்தோம். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தோரில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். பெரிய வண்டிகளில் செல்வோரை விட, உடலைச் சுற்றி எந்தக் காப்பும் இல்லாத எளியோரே மிகுதியாகச் சாகின்றனர்.

வேகம் என்னும் பகைவன்

அவ்வாண்டில் இறந்தோரில் நூற்றுக்கு 71 பேரின் சாவுக்கு அதிவேகமே காரணம் எனப் பதிவாகியுள்ளது. வேகம் ஏன் இத்துணைக் கொடியது? இதற்கு விடை எங்கள் பத்தாம் வகுப்பு இயற்பியலின் முதற் பாடமாகிய இயக்க விதிகளிலேயே இருக்கிறது. அன்று ஆசிரியை கணக்கொன்று கொடுத்தார்கள். தோழியரே, நீங்களும் தாளும் பேனாவும் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

ஒரு சிறுமி திடீரென்று சாலையில் காலை வைக்கிறாள். அவளுக்கும் வண்டிக்கும் இடையே 20 மீட்டர் தூரம். அவளைக் கண்ட ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது. அந்த ஒரு விநாடியும் வண்டி வேகம் குறையாமல் ஓடிக்கொண்டேயிருக்கும்.

வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அந்த விநாடியில் 11 மீட்டர் ஓடும். பிரேக் பிடித்தபின், உலர்ந்த சாலையில் நல்ல டயர்களோடு, இன்னும் ஏறக்குறைய 9 மீட்டரில் நிற்கும். ஆக மொத்தம் 20 மீட்டர். மயிரிழையில் சிறுமி தப்பினாள்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அந்த முதல் விநாடியிலேயே 17 மீட்டர் ஓடிவிடும். எஞ்சிய மூன்று மீட்டரில் பிரேக் என்ன செய்ய முடியும்? கணக்குப் போட்டோம். வண்டி சிறுமியை மோதும்போது அதன் வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர்! ஓட்டுநர் பிரேக் பிடித்தும் ஏறக்குறைய பிடிக்காததற்குச் சமம். இருபது கிலோமீட்டர் வேகம் கூடியதன் விலை ஓர் உயிர். ஈரச் சாலையிலும் தேய்ந்த டயர்களிலும் நிற்கும் தூரம் இன்னும் நீளும்.

மற்றொரு கணக்கு. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்கிறது. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீட்டரில் மோதுவது, சுமார் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது முதல் மாடியிலிருந்து, விழுவதற்கு ஒப்பாகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் மோதுவது 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்காம் மாடியிலிருந்து, விழுவதற்கு ஒப்பாகும். முதல் மாடியிலிருந்து விழுந்தவர் பெரும்பாலும் பிழைப்பார். நான்காம் மாடியிலிருந்து விழுந்தவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா? பள்ளிகளின் முன்னும் கடைத்தெருக்களிலும் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று பல நாடுகள் விதி செய்திருப்பதன் காரணம் எங்களுக்கு அப்போதுதான் விளங்கிற்று.

மனிதர் தவறுவர், சாலை மன்னிக்க வேண்டும்

“எல்லாரும் விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் விபத்தே நேராது” என்று பேச்சுப் போட்டிகளில் நாங்கள் முழங்கியதுண்டு. ஆனால் எல்லாரும் எப்போதும் ஒழுங்காக இருப்பார்களா? சிறு பிள்ளைகள் பந்தின் பின்னே ஓடுவார்கள். முதியவர்க்குக் காது கேளாது. நல்ல ஓட்டுநருக்கும் ஒரு நொடி கண் அயர்ந்துவிடும். தவறு செய்தவர்க்கெல்லாம் மரண தண்டனை என்பது எந்த நீதி?

இந்தக் கேள்வியை ஒரு நாடே கேட்டது. ஸ்வீடன் நாட்டு நாடாளுமன்றம் 1997ஆம் ஆண்டு, சாலையில் ஒருவரும் இறக்கவோ நிரந்தரமாக ஊனமுறவோ கூடாது என்பதையே தன் குறிக்கோளாக ஏற்றது. ‘விஷன் ஜீரோ’ என்பது அதன் பெயர். மனிதர் தவறத்தான் செய்வர். அத்தவறு உயிரைப் பறிக்காதபடி சாலையையும் வண்டியையும் வேகத்தையும் அமைக்க வேண்டியது அவற்றை அமைப்போரின் கடமை என்பதே அதன் உட்பொருள். எதிரெதிர் வண்டிகள் மோதாதபடி சாலை நடுவே கம்பித் தடுப்புகள் அமைத்தனர். நாற்சந்திகளை வட்டச் சந்திகளாக மாற்றினர். மக்கள் நடமாடும் தெருக்களில் வேகத்தைக் குறைத்தனர். 1997இல் சுமார் 540 பேர் இறந்த அந்நாட்டுச் சாலைகளில் 2020இல் இறந்தோர் 204 பேர். ஸ்வீடன் மக்கள் தவறே செய்யாதவர்களாக மாறிவிடவில்லை. அவர்களுடைய சாலைகள்தாம் மாறின.

நம் நாட்டிலும் இதற்கு வழி உண்டு. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்திற்குள், மூன்று ஆண்டுகளில் சாவோ கொடுங்காயமோ விளைந்த விபத்துகள் ஐந்து நேர்ந்தால், அல்லது பத்துப் பேர் இறந்தால், அவ்விடத்தை ‘பிளாக் ஸ்பாட்’ என்று குறித்துச் சீர்செய்ய வேண்டும் என்பது விதி. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மனிதர் சாகிறார்கள் என்றால், அங்கே வந்தவர்கள் எல்லாரும் விதி முடிந்தவர்களா? குற்றம் அந்த வளைவிலோ, விளக்கில்லாத அந்தச் சந்திப்பிலோ இருக்கிறது என்பதைத்தானே இது காட்டுகிறது?

நம் தலை நம் கையில்

இப்படிச் சொல்வதால் நமக்குப் பொறுப்பில்லை என்று எண்ணிவிடக் கூடாது. 2022இல் இந்தியாவில் தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் 50,029 பேர். அவர்களுள் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். இந்த எண்ணைப் படித்தபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஏனெனில் அப்பாவின் பின்னாலும் அண்ணனின் பின்னாலும் அமர்ந்து பள்ளிக்கு வருவோர் எங்களுள் பலர். “பின்னால்தானே இருக்கிறாய், உனக்கு எதற்கு?” என்று வீட்டிலும், “பின்னல் கலைந்துவிடும்” என்று நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம். இரட்டைப் பின்னலை மீண்டும் பின்னிவிடலாம். மண்டை ஓட்டைப் பின்ன முடியுமா?

தலைக்கவசத்தின் உள்ளே தெர்மகோல் போன்ற தடித்த அடுக்கு ஒன்று இருக்கிறது. தலை தரையில் மோதும்போது, அது தான் நசுங்கி, அடியின் வேகத்தைத் தாங்கிக்கொண்டு மூளையைக் காக்கிறது. ஆகவே ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கவசத்தையே வாங்க வேண்டும். ஒரு முறை பலமாக அடிபட்ட கவசத்தை மறுபடி அணியக் கூடாது. தாடைப் பட்டையைப் பூட்டாத கவசம் விழும்போது முதலில் கழன்று ஓடிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவின்படி, ஓட்டுபவர் மட்டுமன்றி, பின்னால் அமரும் நான்கு வயதுக்கு மேற்பட்டவரும் கவசம் அணிய வேண்டும்.

காரில் செல்வோருக்கு இருக்கைப் பட்டை அவ்வாறே காப்பு. வண்டி சட்டென்று நின்றாலும் நம் உடல் நிலைமத்தால் முன்னோக்கிப் பாயும் என்பது நாம் படித்த நியூட்டனின் முதல் விதி. தோளையும் இடுப்பையும் ஒருங்கே பிடிக்கும் இன்றைய பட்டையை 1959ஆம் ஆண்டு வோல்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். அதைப் பூட்ட ஆகும் நேரம் இரண்டு விநாடி.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். எங்கள் வயதுடைய அண்ணன் தம்பிமார் உரிமம் இன்றி வண்டி ஓட்டுவதையும், அதை வீட்டார் பெருமையாகச் சொல்வதையும் காண்கிறோம். 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பிள்ளை மேல் உள்ள பாசத்தைச் சாவியைக் கொடுத்துக் காட்டுவதை விட, கொடுக்காமற் காட்டுவதே மேல்.

முதல் ஒரு மணி நேரம்

எத்துணைக் காத்தாலும் சில விபத்துகள் நேரவே செய்யும். அடிபட்டபின் முதல் ஒரு மணி நேரத்தில் தக்க சிகிச்சை கிடைத்தால் பலர் பிழைப்பர். அன்று எங்கள் தங்கையைச் சுற்றி ஐம்பது பேர் நின்றனராம். போலீஸ், கோர்ட்டு என்று அலைய நேரும் என அஞ்சிப் பலரும் தயங்கினர். காய்கறிக்கார அம்மா ஒருவர்தான் தம் முந்தானையால் அவள் காலைக் கட்டி, 108க்குத் தொலைபேசி செய்யச் சொல்லிக் கூச்சலிட்டார்.

எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு விலகிச் சென்றவர் இருவர். நின்று காயங்களைக் கட்டியவர் ஒரு சமாரியர். மறைக்கல்வி வகுப்பில் நாம் படித்த அந்தச் சமாரியரின் பெயர் இன்று நம் நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது! விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுவோர் ‘நல்ல சமாரியர்’ எனப்படுவர். அவர்களைக் காவல் துறையினர் துன்புறுத்தலாகாது என்னும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016இல் சட்ட வலிமை தந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 134-ஏ என்னும் பிரிவாகவே சட்டத்தில் சேர்த்தது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்க வழி செய்தது. ஆகவே உதவுவதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

உடனே செய்ய வேண்டுவன இவை: 108ஐ அழைத்து இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். இரத்தம் கொட்டும் இடத்தில் தூய துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை, தீ போன்ற ஆபத்து இருந்தாலன்றி, இழுத்துத் தூக்காதீர்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். அது மூச்சுக் குழலில் இறங்கிவிடும்.

நாங்கள் செய்தவை

கரும்பலகையில் எழுதிய பத்துக் காரணங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு தலைமையாசிரியை சிஸ்டரைக் காணச் சென்றோம். ‘கேட் பூட்டப்படுவது’ என்னும் வரியை அவர்கள் படித்தபோது நாங்கள் தலை குனிந்து நின்றோம். கோபிப்பார்களோ என்று அச்சம். அவர்கள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, “இது என் பங்கு. இதை நாளையே திருத்திவிடலாம்” என்றார்கள். அடுத்த நாள் முதல் மணி அடித்தபின்னும் பத்து நிமிடம் கேட் திறந்திருக்கிறது. தாமதமாக வருவோர் பெயர் எழுதிவிட்டு உள்ளே வரலாம். நேரம் தவறாமை நற்பண்புதான். ஆனால் அதற்கு ஒரு காலை விலையாகக் கொடுக்கலாகாது.

மற்றவற்றிற்காக நகராட்சிக்கும் போக்குவரத்துக் காவல் துறைக்கும், மாணவியர் அனைவரும் கையெழுத்திட்டு மனு அனுப்பினோம். வெள்ளைக் கோடுகள் போட்டுவிட்டார்கள். காலையிலும் மாலையிலும் போக்குவரத்துக் காவலர் ஒருவர் நிற்கிறார். ஆட்டோ ஓட்டும் அண்ணன்மார், சிஸ்டர் நேரில் சென்று பேசியதும், நிறுத்தத்தை விட்டு விலகிக்கொண்டனர். வேகத்தடை இன்னும் வரவில்லை. இரண்டாம் மனு அனுப்பியிருக்கிறோம்.

எங்கள் வகுப்பினர் நாங்களே மூன்று உறுதிகள் எடுத்துக்கொண்டோம். பின்னிருக்கையிலும் தலைக்கவசம் இன்றி அமர மாட்டோம். நின்ற பேருந்து புறப்பட்டுச் சென்று, சாலை இரு புறமும் தெளிவாகத் தெரியும் வரை கடக்க மாட்டோம். வீட்டில் யார் வேகமாக ஓட்டினாலும், “மெதுவாகப் போங்கள் அப்பா” என்று சொல்லத் தயங்க மாட்டோம். மூன்றாவதுதான் கடினம். ஆனால் சொன்னால் கேட்கிறார்கள் என்பதையும் கண்டுகொண்டோம்.

முடிவுரை

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. பதறுவோரும் பிழைக்கும்படி சாலைகளை அமைப்பது அறிவுடைமை. விதி என்று சொன்னால் கையைக் கட்டிக்கொண்டு அழுவதைத் தவிர வேறு வழியில்லை. விளைவு என்று உணர்ந்தால் காரணங்களை ஒவ்வொன்றாகக் களையலாம். பத்துக் காரணங்களில் நான்கைக் களைந்திருக்கிறோம். எஞ்சியவை ஆறு.

எங்கள் தங்கை இப்போது நாள்தோறும் பள்ளிக்கு வருகிறாள். வெள்ளைக் கோட்டின் அருகே வந்ததும் அவள் ஒரு கணம் நின்று, வலமும் இடமும் பார்த்து, மறுபடியும் வலம் பார்க்கிறாள். அவளோடு நாங்களும் நிற்கிறோம். தோழியரே, நீங்களும் நில்லுங்கள். மணி அடித்தாலும் பரவாயில்லை. கேட் திறந்தே இருக்கும்.

- பத்தாம் வகுப்பு மாணவி